ஏழு சிறுகுடல்களும் ஒரு பானை சூப்பும்

எங்கள் ஊருக்குப் பெயர் கிடையாது. யூரல் மலைப் பக்கத்து வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நாங்கள் குடியிருக்கும் இடத்தில் பைன் காடும் ஓர் ஏரியும்தான் இருக்கும். முள்வேலிக்குள் இருந்துகொண்டு நாங்கள் கரண்டி செய்கிறோம் என்பது அரசாங்கம் வெளியே சொல்லிக்கொண்டிருந்த செய்தி. கரண்டித் தொழிற்சாலைக்கு எதற்கு விமான எதிர்ப்புப் பீரங்கி என்று எவரும் கேட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், எங்கள் தொழிற்சாலை உணவகத்தில் எப்போதும் கரண்டிக்குப் பஞ்சம். ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து பூட்ஸுக்குள் செருகி வைத்திருப்பார்கள். நான் அங்கே ரொட்டி நறுக்குகிறவன் என்பதால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையில் நாங்கள் செய்தது அணுகுண்டுக்குள் வைக்கும் சரக்கு. அதிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சை அந்தப் பெயரால் சொல்லத் தடை இருந்தது. தொழிலாளிகள் அதை 'அழுக்கு' என்று சொல்லிக்கொண்டார்கள். அழுக்கான பகுதியில் வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் ஒரு வில்லை குத்திக்கொள்ள வேண்டும். அதற்குள் இருக்கும் ஃபிலிம் துண்டு, ஆள் எவ்வளவு அழுக்கு வாங்கினான் என்பதற்கேற்பக் கறுக்கும். அதிகம் கறுத்துவிட்டால் ஆளை வெளி வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பாலும் வெண்ணெயும் கிடையாது, கூடுதல் விடுமுறையும் கிடையாது. வில்லைகள் வெள்ளையாக இருக்கும் பகுதிக்கோ, மாதாமாதம் செங்கொடி பரிசு.

எனவே எங்கள் ஊர்க்காரர்கள் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அழுக்கான இடத்துக்குப் போகும்போது வில்லையைக் கழற்றி, உணவகத்தில் சூப் பானைக்குப் பின்னால் இருக்கும் ஆணிகளில் மாட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து சூப் குடித்துவிட்டு, மறுபடி குத்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஃபோர்மேனுக்குத் தெரியும். டைரக்டருக்கும் தெரியும். செங்கொடி எங்களிடமே வருடக் கணக்கில் தங்கிவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, தரைக்குக் கீழே இருந்த ஒரு நடைபாதையில் குழாய் உடைந்தது. ஃபிட்டர் சவேலிதான் தனியாக இறங்கி அதை அடைத்தான். அவனுடைய வில்லை மற்றவர்களுடையதோடு சேர்ந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சவேலி எங்கள் சமையற்காரி ரிம்மாவின் புருஷன். இருவரும் ஒரு நாள் விடாமல் சண்டை போடுவார்கள், ஒரு நாள் விடாமல் ஒன்றாக வீட்டுக்கு நடப்பார்கள்.

மேலே ஏறி வந்தவன், சொட்டச் சொட்ட நனைந்திருந்த கையுறைகளை அந்த ஆணிகளின் மேலேயே போட்டான். ரிம்மா முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.

"இந்தா, சூடா இருக்கு. மூஞ்சி ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? காலையிலேயே ஊத்திக்கிட்டியா?"

"உன்னப் பாத்தாலே போதை வருது, தனியா வேற ஊத்தணுமா?" என்றான் சவேலி. அதோடு பக்கத்திலிருந்த வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்க ஆரம்பித்தான். நிறுத்தவே முடியவில்லை. சூப்பில் ஒரு கரண்டிகூட அவன் வாயில் படவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

டாக்டர் நினெல் ஓடி வந்தார். சின்ன உருவம், பெரிய கோபம். கையுறைகளை நெருப்பிடுக்கியால் எடுத்து வெளியே குழிதோண்டிப் புதைக்கச் சொன்னார். சவேலியை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, உடனே அவனை விமானத்தில் மாஸ்கோவுக்கு அனுப்ப வேண்டும் என்று டைரக்டரிடம் கேட்டார். அழுக்கு வாங்கியவர்களுக்கென்றே அங்கே ஒரு தனி ஆஸ்பத்திரி இருந்தது. விமானம் வேண்டுமானால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். கரண்டித் தொழிற்சாலையிலோ அந்த நோய் வரக்கூடாது. டைரக்டர் யோசித்து, மாஸ்கோவிலிருந்து விமானத்துக்குப் பதிலாக ஒரு விசாரணை ஆணையத்தை வரவழைத்தார். ஆணையம் விமானத்தில் வந்தது.

மொத்தம் ஏழு பேர். தலைவர் தோழர் பெரெகூதவ் நல்ல ஆகிருதியான மனிதர். அதற்கு முன்பு ஒரு கடலில் மீன் குறைந்து போனதை விசாரித்து, அதற்கு மீன்களே பொறுப்பு என்று தீர்ப்பளித்தவர். வந்ததும் எங்களை உணவகத்தில் கூட்டி வைத்து உரையாற்றினார்.

"தோழர்களே! இந்தத் தொழிற்சாலையில் விபத்து நடக்க வாய்ப்பே இல்லை. ஏனென்றால் விபத்துக்கான பிரிவு என்று ஒன்று இங்கே உருவாக்கப்படவில்லை. அப்படியிருக்க, ஒரு தொழிலாளியின் வயிறு கலகம் செய்திருக்கிறது. சிறுகுடல் என்பது இன்னும் போதுமான அரசியல் பயிற்சி பெறாத உறுப்பு. கை சொன்னதைக் கேட்கும், கால் சொன்னதைக் கேட்கும், தலை சொல்வதற்கு முன்பே கேட்கும். சிறுகுடல் மட்டும் மேலிருந்து வருவதை வாங்கிக்கொண்டு கீழே தன் இஷ்டத்துக்கு அனுப்புகிறது. அது என்ன வாங்கியது என்பதே நம் கேள்வி. இங்கே என்ன கொடுக்கப்படுகிறது? சூப்!"

எல்லோரும் கை தட்டினோம். ரிம்மாவும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

விசாரணை அப்போதே தொடங்கியது.

"உன் கணவன் நோய்க்கு சூப்தான் காரணம். ஒப்புக்கொள்கிறாயா?"

"இல்லீங்க தோழர். அவரு அதத் தொடவே இல்ல. ஒரு கரண்டி கூடக் குடிக்கல."

"குடிக்காமலே இந்தப் பாதிப்பு என்றால், குடித்திருந்தால்?"

"ஐயோ, காரணம் சூப்பே இல்லீங்க."

"பிறகு என்ன காரணம்?"

ரிம்மா வாயைத் திறந்தாள். பின்வரிசையில் இருந்த டைரக்டர் கூரையைப் பார்த்தார். அழுக்கைப் பற்றிப் பேசினால் ரகசியத்தை வெளியிட்ட குற்றம். அதற்குத் தண்டனை என்ன என்று ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும்.

"தெரியாதுங்க," என்றாள்.

"சரியான பதில். தெரியாத காரணத்தைவிடத் தெரிந்த சூப் மேல். கணவனோடு சண்டை உண்டா?"

"தெனமும் உண்டு."

ஆணையத்தில் இரண்டு பேர் தலையசைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் செய்முறை விசாரணை. அதே பானையில் அதே சூப்பை அவள் மறுபடி வைக்க வேண்டும், ஆணையம் குடித்துப் பார்க்கும். ரிம்மாவுக்கு வயிறெரிச்சல் எவ்வளவு இருந்தாலும் கைப்பக்குவம் கெட்டுப் போகாது. மாட்டெலும்பை விடியற்காலையிலேயே கொதிக்க வைத்து, கொஞ்சம் புளித்த முட்டைக்கோஸைச் சேர்த்து, வாசனைக்கு மேலே சதகுப்பைக் கீரை தூவினாள். ஏழு பேரும் குடித்தார்கள். தோழர் பெரெகூதவ் விஞ்ஞான நோக்கத்துக்காக இரண்டாவது கிண்ணம் கேட்டார், முடிவை உறுதிப்படுத்த மூன்றாவது. நான் ரொட்டி நறுக்கியே களைத்துப் போனேன். இத்தனை ருசியான ஒன்று எப்படிக் குற்றம் செய்யும் என்று ஆணையத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வில்லைகளின் ஃபிலிம் கழுவி வந்தது. எல்லாமே கன்னங்கரேல் என்று இருந்தன. சவேலியின் கையுறைகள் செய்த வேலை அது. அதை டாக்டர் நினெல் எடுத்துச் சொன்னார். புதைத்துவிட்ட கையுறைகள் கண்ணுக்குத் தெரியாததால், ஆணையம் அவற்றை ஏற்கவில்லை.

"வில்லைகள் எங்கே இருந்தன?" என்று கேட்டார் தலைவர்.

"ஆணியில தோழர். சூப் பானைக்குப் பின்னால," என்றேன் நான்.

"தரைக்குக் கீழே இருக்கும் நடைபாதையில் எத்தனை வில்லை கறுத்தது?"

"அங்க வில்லையே கெடையாதே தோழர்."

"ஆக, நடைபாதையில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. உணவகத்தில் எல்லாமே கறுத்திருக்கின்றன." அவர் எழுந்து நின்றார். "தோழர்களே, தொழிற்சாலை தூய்மையானது. சூப்தான் கதிர்வீசுகிறது!"

எங்கள் ஊரில் அந்தச் சொல்லை முதன்முதலாக உரக்கச் சொன்னவர் அவர்தான். சூப்புக்குப் பக்கத்தில் வந்ததால் அதை அனுமதித்தார்கள்.

அன்று மாலைக்குள் பானையின் அருகே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வந்து நின்றான். முட்டைக்கோஸ் சூப் அரசு ரகசியம் ஆனது. உணவுப் பலகையில் சூப் என்று எழுதியிருந்த இடத்தைச் சுண்ணாம்பால் வெள்ளையடித்தார்கள். சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிற கிழவி, பெயரைச் சொல்லக் கூடாது என்பதற்காக அதை 'அந்த உருண்டை' என்று விற்றாள். உணவகத்தில் சூப் என்ற சொல்லைச் சொன்னவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்று விசாரிக்கப்பட்டது. மதியம் வெறும் ரொட்டியும் தேநீரும்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவே சவேலி குணமாகிவிட்டான். வாந்தி நின்றது. எழுந்து உட்கார்ந்தான், டொமினோவில் பக்கத்துக் கட்டில்காரனைத் தோற்கடித்தான், நர்சுகளைக் கேலி செய்தான். ரிம்மா துள்ளிக் குதிக்காத குறையாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே டாக்டர் நினெலும் சமையலறைக்கு வந்து, கதவைச் சாத்தினார். நான் ரொட்டிப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பொருட்படுத்தவில்லை.

"ரிம்மா, சந்தோஷப்படாத," என்றார் டாக்டர்.

"ஏன் டாக்டரம்மா? நல்லாத்தானே இருக்காரு. பசிக்குதுன்னாரே?"

"இந்தத் துண்டப் பாரு." டாக்டர், பாத்திரம் துடைக்கும் பூத்துண்டை எடுத்துக் காட்டினார். "இதுல சின்னச் சின்ன இழை நிக்குதில்ல? சிறுகுடலோட உள்பக்கம் இப்படித்தான் இருக்கும். திங்கற சோத்தயும் குடிக்கற தண்ணியயும் உறிஞ்சறது அந்த இழைங்கதான். அது தெனமும் தேஞ்சு உதிரும். அடியில குழிகுழியா இருக்கு, அங்கேருந்து புதுசு மொளச்சு மேல வந்துக்கிட்டே இருக்கும். அழுக்கு அந்தக் குழியில இருக்கற மொளையக் கொன்னுடுச்சு. மேல இருக்கறது பழைய இழை. அது இருக்கற வரைக்கும் ஆளு நல்லா இருப்பான், சிரிப்பான். இன்னும் ரெண்டு மூணு நாள்ல அது உதிரும். மாத்துக்கு ஒண்ணும் வராது."

"வராட்டி?"

"சொவரு மொட்டையாயிடும். குடிச்ச தண்ணி நிக்காது. உள்ள இருக்கற கிருமி ரத்தத்துல ஏறும்."

ரிம்மா துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு அதையே பார்த்தாள். "மாஸ்கோவுக்குப் போனா?"

"பொழச்சிடுவான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அங்க ரத்தம் இருக்கு, மருந்து இருக்கு, கிருமி நுழையாத அறை இருக்கு. ஒரு வாய்ப்பு இருக்கு. இங்க உப்புத்தண்ணியும் நானும்தான் இருக்கோம்."

"அந்தப் பேரச் சொன்னாத்தானே பிளேன் தருவாங்க?"

"ஆமா. அத இப்ப சூப்பு விஷயத்துல மட்டுந்தான் சொல்ல விடறாங்க."

ரிம்மா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து வைத்தாள். தலைமுடியைச் சரி செய்துகொண்டு நேராக ஆணையத்தின் முன் போய் நின்றாள். நானும் பின்னால் ஓடினேன்.

"தோழர், ஒத்துக்கறேன். சூப்புல அழுக்கக் கலந்தது நான்தான். என் வீட்டுக்காரர் மேல இருந்த கோவம்."

தோழர் பெரெகூதவின் கண்கள் நனைந்தன. தன் வாழ்நாளில் ஒரு குற்றவாளி தானாக வந்து ஒத்துழைப்பது இதுதான் முதல் தடவை என்றார். மீன்கள்கூட ஒப்புக்கொள்ளவில்லையாம்.

"எவ்வளவு கலந்தாய்?"

"ருசிக்கேத்த அளவு."

"எங்கே கிடைத்தது?"

"ஊரு பூரா கெடக்குதே தோழர்."

"அந்த வாக்கியத்தை நீக்குக," என்றார் தலைவர் சுருக்கெழுத்தாளரிடம். பிறகு கம்பீரமாக அறிவித்தார்: "சூப்பினால் வந்த கதிர்வீச்சு நோய் இருப்பதை ஆணையம் ஏற்கிறது. சூப் குடித்தவர்கள் எல்லோரும் விமானத்தில் உடனே மாஸ்கோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்."

ரிம்மா அழுதேவிட்டாள். இனி தன்னை எங்கே கொண்டுபோய் அடைத்தாலும் சரி என்பது போல நின்றாள்.

அப்போது ஆணையத்தின் ஓர் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: "யாரெல்லாம் குடித்தது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோழர் பெரெகூதவின் முகம் வெளுத்தது. மூன்று கிண்ணம்! அவர் கை தானாகவே வயிற்றுக்குப் போனது. ஒருவருக்கு உடனே வயிற்றை முறுக்கியது. இன்னொருவர் நாற்காலியிலேயே சாய்ந்தார். கால் மணி நேரத்தில் ஏழு பேரும் ஆஸ்பத்திரியில் கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தார்கள். விமானத்தில் படுக்கைகளும் ஏழுதான்.

டாக்டர் நினெல் அவர்கள் வயிற்றை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்ல, அதிகமாத் தின்னுட்டீங்க, அவ்வளவுதான்! சாவு வந்துக்கிட்டிருக்கறது சவேலிக்கு!"

"அவர் சூப் குடிக்கவில்லை," என்று முனகினார் தலைவர். "அவர் மனைவியே முதல் நாள் சொல்லியிருக்கிறாள். ஒரு கரண்டிகூட."

"பொய் சொன்னேன் தோழர்!" என்று அலறினாள் ரிம்மா. "குடிச்சாரு! பானையோட குடிச்சாரு!"

"அப்போது நீ குற்றவாளி இல்லை, ஆகவே உன் பேச்சு நம்பத்தக்கது. இப்போது நீ குற்றவாளி." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "மேலும், அவர் நடக்கிறார். நாங்கள் படுத்திருக்கிறோம். யாருக்கு முன்னுரிமை என்பதை மருத்துவம் படித்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?"

காவலுக்கு ஒரே சிப்பாய்தான் இருந்தான். ரிம்மாவையும் பானையையும் அவன் ஒருவனே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விமானத் தளத்துக்குப் போயே தீருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், லாரியில் பானையும் வந்தது.

தளத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் பற்றவில்லை. ஊரில் திடகாத்திரமானவர்கள் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். சும்மா இருந்தவன் சவேலி ஒருவன்தான். அவன்தான் ஒரு முனையைப் பிடித்தான், நான் மறு முனையை. தோழர் பெரெகூதவை ஏணிப்படியில் ஏற்றும்போது எனக்கு மூச்சு வாங்கியது, அவனுக்கு இல்லை. தலைவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இரும்பு உடம்பு தோழர். பொறாமையாக இருக்கிறது."

"எல்லாம் என் பொண்டாட்டி கைப்பக்குவம்," என்றான் சவேலி.

டாக்டர் நினெல் படியில் குறுக்கே நின்றார். இரண்டு பேர் அவரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கதவு மூடியது. விமானம் ஏரிக்கு மேலே வட்டமடித்துப் போய் மறைந்தது. ரிம்மா லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"எதுக்குடி அழுவுற? அந்தத் தடியன் பொழச்சுக்குவான்," என்றான் சவேலி. "எனக்குத்தான் பசி உயிர் போவுது. பானை இங்கதானே இருக்கு? ஒரு கிண்ணம் ஊத்து."

சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். "ரகசியம்ணே."

"சூப்பா ரகசியம்? போங்கடா," என்று சவேலி சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அது.

டாக்டர் துண்டைக் காட்டிச் சொன்னபடியே நடந்தது. குடித்த தண்ணீர் தண்ணீராகவே போனது, பிறகு ரத்தமாகப் போனது. காய்ச்சல் ஏறியது. ரிம்மா அவன் தலைமாட்டிலேயே இருந்தாள். வாசலில் சிப்பாயும் பானையும் இருந்தார்கள். கடைசி வரை டாக்டர் உப்புத்தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்தார். அவனைத் துத்தநாகத் தகடு போட்ட பெட்டியில் வைத்து, முத்திரை குத்தித்தான் புதைத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரத்தில் ரொட்டி கோணலாகத்தான் வெட்டுப்படும்.

முதல் பனி விழுந்த பிறகு ஆணையம் திரும்பி வந்தது. கருங்கடல் ஓரத்தில் ஓய்வெடுத்து எல்லோருக்கும் கன்னம் பூசினாற்போல் இருந்தது. மறுபடியும் எங்களை உணவகத்தில் கூட்டினார்கள்.

"தோழர்களே! எங்கள் ஏழு சிறுகுடல்களும் நாட்டின் தலைசிறந்த நிபுணர்களால் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கப்பட்டன. ஏழும் பூரண நலம். ஆகவே சூப் குற்றமற்றது. சூப் குற்றமற்றதால் இங்கே கதிர்வீச்சு என்பது இல்லை. அது இல்லாததால், தோழர் ரிம்மா அதைக் கலந்திருக்க முடியாது. அவர் விடுதலை செய்யப்படுகிறார். உணவுப் பலகையில் சூப்பின் பெயரை மீண்டும் எழுதலாம்!"

கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும் ரிம்மாவின் குரல் கேட்டது.

"அப்ப என் வீட்டுக்காரர் எதனால செத்தாரு?"

அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். எல்லோரும் குனிந்து அவரவர் பூட்ஸைப் பார்த்தோம். நானும்தான்.

தோழர் பெரெகூதவ் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அவர் உடல்நலத்துக்கு நானே சாட்சி. என்னைத் தூக்கிக்கொண்டு படியேறினார், மூச்சுகூட வாங்கவில்லை. அத்தனை ஆரோக்கியமான ஒருவர், ஆணையம் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து, எந்தக் காரணமும் இல்லாமல் இறந்திருக்கிறார். இறந்தவர் என்பதால் அவர் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப் போவதில்லை."

ரிம்மா எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். அன்று காலைதான் சிப்பாய் பானையை அவளிடம் ஒப்படைத்திருந்தான், அவளும் உடனே அதைக் கழுவிப் புது சூப் வைத்திருந்தாள். ஒரு கிண்ணம் நிறைய முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றிக் கொண்டுவந்து மேடையில் தலைவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு கரண்டியையும் வைத்தாள். ஆவி பறந்தது.

தோழர் பெரெகூதவ் கிண்ணத்தைப் பார்த்தார். ஆணையத்தைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார், மறுபடி வைத்துவிட்டார். மேடையில் இருந்த மற்ற ஆறு பேரும் தங்கள் நாற்காலிகளைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்கள்.

"சும்மா குடிங்க தோழர், ஒண்ணும் ஆவாது," என்றாள் ரிம்மா. "செத்தவரு இதத் தொடவே இல்ல."